“சாக்லேட்டே வாங்கித் தர்றதில்லீங்க டாக்டர்!”

நாற்காலியில் ஏறவே மாட்டேன் என்று அடம்பிடித்த மூன்றரை வயதுப் பையனை அவன் அம்மாயி (அம்மாவின் அம்மா) மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்தில் அவன் அம்மா. நான் கேட்பதற்கு முன்பே அம்மாயி ஆரம்பித்துவிட்டார்: “சாக்லேட்டே வாங்கித் தர்றதில்லீங்க டாக்டர். அப்புறம் எப்படீங்க பல்லுல பூச்சி வந்துச்சு?”

மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தேன். முன்பல் நான்கும் ஈறோரமாக அரித்துப் பழுப்பேறிக் கிடந்தன. நடுப்பல் ஒன்று பாதிதான் மிச்சம். கீழுதட்டை இறக்கினால், அங்கே நான்கு பல்லும் பளிச்சென்று இருந்தன. அதே வாய், அதே சாப்பாடு. ஆனால் மேலே பாழ், கீழே சுத்தம். குழந்தைப் பல் மருத்துவருக்கு இது கைரேகை மாதிரி. “ராத்திரி பாட்டில்ல பால் குடிச்சுக்கிட்டே தூங்குவானா?” என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “பால்தானுங்களே டாக்டர்?”

பாட்டிலை உறிஞ்சும்போது நாக்கு முன்னால் வந்து கீழ் முன்பற்களை மூடிக்கொள்ளும். போதாததற்கு, நாக்குக்கு அடியில்தான் முக்கியமான எச்சில் சுரப்பிகள் திறக்கின்றன. அதனால் கீழ்ப்பற்கள் நனைந்துகொண்டே இருக்கும். மேல் முன்பற்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பால் அவற்றைச் சுற்றித் தேங்கி நிற்கும். தூக்கத்தில் எச்சில் சுரப்பதும் வெகுவாகக் குறைந்துவிடும். பகலென்றால் கழுவிக்கொண்டு போயிருக்கும் பால், இரவு முழுக்க அங்கேயே கிடக்கிறது. அந்தப் பாலில் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் உண்டு என்பது அடுத்த கேள்வியில் தெரியவந்தது. “சக்கர போடலீன்னா குடிக்க மாட்டேங்கறானுங்க.”

“பிள்ளைக்கு இனிப்பு கொடுப்பீர்களா?” என்று நான் இப்போதெல்லாம் கேட்பதில்லை. கேட்டால் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். அவர்கள் பொய் சொல்வதும் இல்லை. அதற்குப் பதிலாக மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு, நேற்று எழுந்ததிலிருந்து வாய்க்குள் போனதையெல்லாம் நேரத்தோடு சொல்லச் சொல்வேன். அன்றைக்கு எழுதியது இது: காலை ஆறரைக்கு சர்க்கரை போட்ட பால். ஏழரைக்கு அப்பா டீ குடிக்கும்போது இரண்டு பிஸ்கட். எட்டரைக்கு இட்லி, தொட்டுக்கொள்ள சர்க்கரை. பத்து மணிக்கு ஸ்நாக்ஸ் டப்பாவில் கிரீம் பிஸ்கட். பன்னிரண்டரைக்கு ரசம் சாதம். இரண்டு மணிக்குத் தூங்க வைக்கப் பாட்டில். நாலரைக்கு சத்துமாவு கலந்த இனிப்புப் பாலும் ரஸ்க்கும். ஆறு மணிக்கு அப்புச்சி (அம்மாவின் அப்பா) கடையிலிருந்து கொண்டுவரும் தேன் மிட்டாய் (“அது சாக்லேட் இல்லீங்களே”). எட்டு மணிக்கு தோசை. ஒன்பதரைக்குப் பாட்டில். நடுராத்திரி அழுதால் இன்னொன்று.

எண்ணிப் பார்த்தோம். மொத்தம் பதினொரு தடவை. அதில் ஒன்பது தடவை சர்க்கரை. சாக்லேட் ஒன்றுகூட இல்லை. அம்மாயி சொன்னது சத்தியமான உண்மை.

எத்தனை தடவை என்பதை ஏன் இவ்வளவு குடைகிறேன் என்றால், விஷயமே அதில்தான் இருக்கிறது. பல்மேல் படியும் பிசுபிசுப்பான ஆடையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் முதலான கிருமிகள் குடியிருக்கின்றன. சர்க்கரை கிடைத்த சில நிமிடங்களிலேயே அவை அமிலம் சுரந்துவிடும். பல்லோரத்தில் பி.எச். அளவு (அது குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று பொருள்) சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் பல்லின் கெட்டியான மேலோடான எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். எச்சில் அந்த அமிலத்தைச் சமன்செய்ய அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். அப்புறம் எச்சிலில் இருக்கும் கால்சியமே திரும்பப் பல்லில் படியும். நாள் முழுக்க நடக்கும் கொடுக்கல் வாங்கல் இது. நாலைந்து தடவை சாப்பிடும் பிள்ளைக்கு எச்சில் கணக்கை நேர்செய்துவிடும். ஒன்பது தடவை இனிப்பு, அதில் மூன்று தூக்கத்தில் என்றால், கடன் ஏறிக்கொண்டேதான் போகும். பால் பல்லின் எனாமல் பெரியவர்களுடையதில் ஏறக்குறையப் பாதிக் கனம்தான். ஆறு மாதத்தில் சொத்தை நரம்புவரை போய்விட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்வீடனில் விப்பெஹோல்ம் என்ற, மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான காப்பகத்தில் 1945-இல் தொடங்கி ஓர் ஆய்வு நடந்தது. அங்கிருந்தவர்களில் சிலருக்குச் சர்க்கரையை உணவோடு சேர்த்துக் கொடுத்தார்கள். சிலருக்கு ஒட்டும் டாஃபியை உணவுக்கு இடையே இடையே கொடுத்தார்கள். முதல் பிரிவினருக்குச் சொத்தை அதிகம் கூடவில்லை. டாஃபி தின்றவர்களுக்கு மளமளவென்று கூடியது. சம்மதம் சொல்ல முடியாத மனிதர்களின் பல்லைக் கெடுத்து நடத்திய ஆய்வு அது. இன்றைக்கு யாரும் அனுமதிக்க மாட்டார்கள், அனுமதிக்கவும் கூடாது. ஆனால் அங்கிருந்து வந்த அறிவை நாம் தினமும் பயன்படுத்துகிறோம். மத்தியானச் சாப்பாட்டோடு ஒரு லட்டு முழுதாகத் தின்கிற பிள்ளையைவிட, ஒரு பிஸ்கட் பாக்கெட்டைச் சாயங்காலம் முழுக்க ஒவ்வொன்றாகக் கொறிக்கிற பிள்ளையைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை. பிஸ்கட்டும் ரஸ்க்கும் கடைவாய்ப்பல் பள்ளத்தில் மாவாக அப்பிக்கொண்டு நகரவே நகராது.

பூச்சி விஷயத்துக்கு வருகிறேன். பூச்சி என்று சொல்பவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வராது. சொத்தைப் பல்லின் ஓட்டை, புழு துளைத்த கத்தரிக்காய் மாதிரியேதான் இருக்கும். கண்டங்கத்தரி விதையைப் போட்டுப் புகை பிடித்தால் புழு விழும் என்று ஊரில் காட்டியும் இருக்கிறார்கள். ஆனால் பல்லுக்குள் புழு எதுவும் வளர்வதில்லை. பெர்லினில் இருந்த வில்லோபி மில்லர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், வாய்க் கிருமிகள் மாவுப்பொருளையும் சர்க்கரையையும் அமிலமாக்கிப் பல்லைக் கரைக்கின்றன என்று 1890-இல் விரிவாக எழுதிய பிறகுதான் மருத்துவ உலகத்துக்கே விஷயம் தெளிவானது.

படித்த பெற்றோரிடம் பூச்சி இல்லை, கால்சியம் இருக்கிறது. “கால்சியம் கம்மியா இருக்கும்னு நினைக்கிறோம், டானிக் எழுதித் தாங்க டாக்டர்.” பால் பற்களின் மேற்பகுதி கருவில் நான்காம் மாதவாக்கில் உருவாகத் தொடங்கி, முதல் பிறந்தநாள் வாக்கில் முடிந்துவிடுகிறது. மூன்று வயதில் குடிக்கும் டானிக் அந்தப் பல்லுக்குள் போய்ச் சேர வழியே இல்லை. இனிப்பான சிரப்பாக இருந்து, அதைப் படுக்கும் நேரத்தில் ஊற்றிவிட்டு வாய் கொப்பளிக்காமல் விட்டால், பன்னிரண்டாவது தடவையாக அதுவும் கணக்கில் சேரும். இரும்புச்சத்து மருந்தால் பல்லில் படியும் கறுப்பு வேறு. அது மேலோட்டமான கறைதான். சுத்தம் செய்தால் போய்விடும்.

“எங்க பரம்பரைக்கே பல்லு வீக்” என்பார்கள். பரம்பரையாக வருவது பெரும்பாலும் சமையலறைப் பழக்கம்தான்.

தாய்ப்பாலைப் பற்றிக் கொஞ்சம் கவனமாகச் சொல்ல வேண்டும். தாய்ப்பாலால் சொத்தை என்று பயந்து யாரும் நிறுத்திவிடக் கூடாது. முதல் வருடம் அதைப்போல நல்லது வேறில்லை. ஒரு வயதுக்கு மேல், பல் முளைத்த பிள்ளை இரவு முழுக்க மார்பிலேயே வாய்வைத்துத் தூங்கி, பகலில் வேறு இனிப்பும் சாப்பிட்டு, பல்லும் துலக்காமல் இருந்தால்தான் ஆபத்து கூடும்.

“பால் பல்தானே, விழுந்துடும்” என்று விட்டுவிடுபவர்கள் ஒரு கணக்கை மறந்துவிடுகிறார்கள். முன்பல் ஆறேழு வயதில் விழும், சரி. கடைவாய்ப் பால் பல் பத்து, பன்னிரண்டு வயதுவரை நிற்க வேண்டியது. நாலு வயதில் வலி வந்தால் இன்னும் ஆறேழு வருடம் ஒரு பக்கமாக மெல்ல வேண்டியதுதான். இதில் பெரிய ஏமாற்றம் ஆறு வயதில் வரும். பால் பல் எதுவும் விழாமலேயே, வரிசைக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப்பல் சத்தமில்லாமல் முளைக்கும். அது நிரந்தரப் பல். அதையும் பால் பல் என்று நினைத்துச் சொத்தையாக விட்டுவிட்டு, எட்டு வயதில் “இது விழுந்து முளைக்குமுங்களா?” என்று கேட்பவர்கள் மாதத்துக்கு ஒருவராவது வருவார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டம்.

சொத்தை முதலில் கறுப்பாக வராது. ஈறை ஒட்டிச் சுண்ணாம்புக் கோடு மாதிரி மங்கிய வெள்ளையாகத்தான் வரும். மாதம் ஒருமுறை மேலுதட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தால் தெரிந்துவிடும். அந்தக் கட்டத்தில் திருப்பிவிடலாம்: இரவு பாட்டிலை நிறுத்தி, மூன்று வயதுவரை அரிசி அளவும் அதற்குமேல் பட்டாணி அளவும் ஃபுளோரைடு பேஸ்ட் வைத்து இரண்டு வேளை துலக்கினாலே போதும். துலக்கிவிட வேண்டியது பெரியவர்கள். ஏழெட்டு வயதுவரை பிள்ளையின் கைக்கு அந்த லாகவம் வராது. தண்ணீரிலேயே ஃபுளோரைடு அதிகமுள்ள தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக்காரர்கள் பேஸ்ட் விஷயத்தை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

அந்தப் பையனுக்கு அன்றே பல்லைக் குடையவில்லை. சில்வர் டயமின் ஃபுளோரைடு தடவினேன். சொத்தையை அது நிறுத்தும், ஆனால் அந்த இடம் கரிக்கட்டையாகக் கறுத்துவிடும். அம்மாயிக்கு அதில் துளியும் சம்மதமில்லை. அம்மாதான் “தூங்க வெச்சு ஆபரேஷன் பண்றதுக்கு இது தேவலை” என்று ஒத்துக்கொண்டார். பாட்டிலை ஒரேயடியாகப் பிடுங்க வேண்டாம் என்றேன். முதலில் சர்க்கரையைக் குறைத்து, பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பாலைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டச் சொன்னேன். கடைசியில் வெறும் தண்ணீர் பாட்டில் அவனுக்கே அலுத்துப்போனதாம்.

மூன்று மாதம் கழித்து வந்தார்கள். இந்த முறை நான் கேட்காமலேயே அம்மாயி ஒரு சீட்டை நீட்டினார், அவர் கையெழுத்திலேயே. மொத்தம் ஆறு வரி. ஆறு மணி என்ற இடத்தில் ‘அப்புச்சி – வெள்ளரிக்காய்’ என்று இருந்தது. அடியில் சின்னதாக இன்னொரு வரி: ‘ஞாயித்துக்கிழமை ஒரு ஜிலேபி. சோத்தோட.’