தூண்டில் முள்ளும் கப்ளர் பின்னும்

என் பழைய காரின் இடப்பக்க ஹெட்லைட் மங்கலாக எரியத் தொடங்கியது. பல்பை மாற்றினேன், அப்படியேதான் எரிந்தது. பின்னால் இருந்த கப்ளரை, அதாவது பல்பை வயர்களோடு இணைக்கும் பிளாஸ்டிக் சொருகியைக் கழற்றிப் பார்த்தால், மூன்று துளைகளில் ஒன்றைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தது. "வயரிங்கையே மாத்தணும்" என்றார் ஒரு மெக்கானிக். கெட்டுப்போயிருந்ததோ வயர் முனையில் பல்பின் காலைக் கவ்விப் பிடிக்கும் ஒரே ஒரு உலோகப் பின்னும், அது உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் கூடும்தான்.

ஒரு பின் ஏன் இப்படிக் கருகுகிறது? ஹெட்லைட்டின் எச்4 வகை பல்பில் லோ பீம் (தாழ்ந்த வெளிச்சம்) 55 வாட். 12 வோல்ட்டில் சுமார் 4.5 ஆம்பியர் ஓடும். பின்னின் பிடி தளர்ந்து, அந்த இடத்தில் 0.3 ஓம் தடை உண்டானால் போதும், சுமார் 1.3 வோல்ட் அங்கேயே விழுந்துவிடும். கிட்டத்தட்ட 6 வாட் வெப்பம் அந்தச் சின்ன உலோகத்தில் இறங்கும். வெப்பம் ஏறினால் உலோகத்தின் ஸ்பிரிங் தன்மை போகும், பிடி இன்னும் தளரும், தடை இன்னும் கூடும். பல்புக்கு வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே வெளிச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். மங்கலுக்குக் காரணம் அதுதான்.

வயரை வெட்டிப் புது கப்ளரை முறுக்கி டேப் சுற்றுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மூன்று வயரை வெட்டினால் மூன்று புது இணைப்புகள். ஒவ்வொன்றும் நாளைக்குக் கருகக்கூடிய இடம். நல்ல பின்களை வயரோடு உருவிப் புதுக் கூட்டில் மாற்றி, கருகியதற்கு மட்டும் புதுப் பின்னை வயர் முனையில் நசுக்கிப் பிடிக்கவைப்பதுதான் (கிரிம்ப்) சரியான வேலை.

உருவுவது எப்படி என்பதற்குப் பின்னின் உருவத்தைப் பார்க்க வேண்டும். அதன் தட்டையான முதுகில் அரை அரிசி அளவுக்கு ஒரு நாக்கு வெட்டி, வெளியே வளைத்து விட்டிருப்பார்கள். பின்னைக் கூட்டுக்குள் தள்ளும்போது நாக்கு மடங்கி வழிவிடும். உள்ளே ஒரு திண்டைத் தாண்டியதும் 'டிக்' என்று விரிந்து, அதில் முட்டுக்கொடுத்து நிற்கும். தூண்டில் முள் போலத்தான்: போகும்போது வழுக்கும், திரும்பும்போது கொக்கி போடும். வயரைப் பிடித்து இழுக்க இழுக்க நாக்கு திண்டில் இன்னும் அழுந்தும். பலம் போட்டால் வயர்தான் கையோடு வரும்.

அதனால் முதல் அசைவு தலைகீழானது. வயரை முன்னால், உள்நோக்கித் தள்ள வேண்டும். ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே திண்டின் மேலிருந்த அழுத்தம் விலகிவிடும். அப்புறம் பல்பு சொருகும் பக்கத்திலிருந்து, பின்னின் முதுகுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே மெல்லிய கருவியை விட்டு நாக்கை அமுக்கிக்கொண்டே, பின்னாலிருந்து வயரை மெதுவாக இழுத்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். நான் பயன்படுத்தியது ஊக்கு. அதன் முனையைக் கருங்கல்லில் வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி, உப்புத்தாளில் தேய்த்துக்கொண்டேன். பழைய குடைக்கம்பியும், வாட்ச் ரிப்பேர் ஸ்க்ரூடிரைவரும் இதே வேலையைச் செய்யும். பல்பின் கால் நுழையும் வாய்க்குள் மட்டும் எதையும் திணிக்கக் கூடாது. அந்த வாய் விரிந்தால் பிடி போய்விடும், பழைய கதை திரும்பவும் தொடங்கும்.

புது வண்டிகளின் சிறிய கப்ளர்கள் பலவற்றில் நாக்கு உலோகத்தில் இருக்காது; கூட்டின் பிளாஸ்டிக்கிலேயே ஒரு விரல் இருக்கும். அது பின்னில் உள்ள பள்ளத்தில் இறங்கிப் பிடித்திருக்கும். அங்கே விரலைப் பின்னைவிட்டு விலக்கித் தூக்க வேண்டும். அமுக்கினால் இன்னும் இறுகும். பல கப்ளர்களில் வேறு நிறத்தில் ஒரு பட்டை இரண்டாவது பூட்டாக நிற்கும். அதை முதலில் நகர்த்தாமல் எந்தப் பின்னும் அசையாது. பூட்டும்போது பட்டை முழுதாக உள்ளே போகவில்லையென்றால், ஏதோ ஒரு பின் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். அதைக் காட்டிக்கொடுக்கவே அந்தப் பட்டை இருக்கிறது.

தொடங்குமுன் பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றிவிடுங்கள், வயர் நிறங்களைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஏர்பேக்கின் மஞ்சள் கப்ளர்களை வீட்டில் தொடவே வேண்டாம். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அந்தச் சுற்றில் சிறிது நேரம் மின்சாரம் தேங்கியிருக்கும்.

உருவிய பின்னின் நாக்கு படுத்துக் கிடக்கும். ஊக்கு முனையால் அதைச் சற்றே நிமிர்த்திவிட்டுத்தான் புதுக் கூட்டில் தள்ள வேண்டும். மூன்றையும் தள்ளினேன். இரண்டு 'டிக்' கேட்டது. மூன்றாவது வயரை லேசாக இழுத்ததும் அது கையோடு வந்தது. நாக்கை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தித் திரும்பத் தள்ளினேன், 'டிக்'. பேட்டரியை மாட்டி லைட்டைப் போட்டு, கப்ளரின் இரண்டு பக்கமும் வோல்ட் மீட்டரை வைத்தேன். 0.1 வோல்ட்கூட விழவில்லை.