எதிர்ப்பு சக்தி அன்று, மருந்துக்கு மசியாமை

லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுக்கு மருந்தேற்றி, கட்டி கரைந்து, பிறகு மீண்டும் தலைதூக்கினால் நம் மருத்துவமனைத் துண்டறிக்கைகள் எழுதுவது இது: “புற்றுச் செல்கள் எதிர்ப்பு சக்தி பெற்றுவிட்டன.” காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் இதைக் கேட்கும் வீட்டார் “ஆச்சிக்கு எதிர்ப்பு சக்தி வந்திருச்சாம்” என்று சொந்தங்களுக்குப் போன் போடுகிறார்கள். கெட்ட செய்தி நல்ல செய்தியாகப் போய்ச் சேருகிறது.

இப்படி மொழிபெயர்க்கப்படும் ரெசிஸ்டன்ஸ் என்ற ஆங்கிலச் சொல் லத்தீன் வழி வந்தது. எதிர்த்து நிற்பது என்று பொருள். சக்தி அதில் இல்லை, நாம் ஒட்டியது.

தமிழில் எதிர்ப்பு சக்தி என்றால் நோயைத் தடுக்கும் உடல்வலுதான். அதுவும் இதே சிகிச்சையில் அடிபடுகிறது. லிம்போமாவுக்குத் தரும் ஆர்-சாப் என்னும் கூட்டு மருந்து முறையில் பெரும்பாலும் 21 நாளுக்கு ஒரு சுற்று. மருந்தேற்றிய 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளணு சரியும், காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இதற்கு “எதிர்ப்பு சக்தி குறையும், கவனம்” என்று ஒரு வரி. அடுத்த பக்கத்தில் “எதிர்ப்பு சக்தி கூடிவிட்டது” என்று இன்னொரு வரி. படிப்பவர் எதற்குப் பயப்படுவார்?

தடுப்பாற்றல் என்று மாற்றினாலும் அதே குழப்பம்தான். மருந்தெதிர்ப்பு என்பார்கள் தூய தமிழ் அன்பர்கள். மருந்து எதிர்ப்பதா, மருந்தை எதிர்ப்பதா? வேற்றுமை உருபை விழுங்கிய தொகை நோயாளியிடம் பேச உதவாது. “உடம்புக்கு மருந்து பழகிப்போச்சு” என்பது எல்லாவற்றிலும் மோசம். மாறியது உடம்பு அல்ல, புற்றுச் செல்.

சில செல்கள் ஆர்-சாப்பில் உள்ள வின்கிரிஸ்டின், டாக்சோரூபிசின் மருந்துகளை உள்ளே வந்ததுமே பம்பு வைத்தாற்போல் வெளியே தள்ளுகின்றன. சிலவற்றில் டிபி53 மரபணு பழுதாகி, சேதப்பட்ட செல் சாகாமல் நிற்கிறது. சில, அதே முறையின் ரிட்டுக்சிமாப் மருந்து பற்றிக்கொள்ளும் சிடி20 புரதத்தையே இழக்கின்றன. இவற்றுள் பல முதல் ஊசிக்கு முன்பே கூட்டத்தில் இருந்து, மற்றவை செத்தபின் பெருகியவை. ஆகவே “பெற்றுவிட்டன” என்ற வினையும் பாதி தவறு.

மருந்துக்கு மசியாமை என்பதே என் தேர்வு. உப்புத் தண்ணீரில் பருப்பு மசியலை என்கிற செட்டிநாட்டு அடுப்படிக்கு விளக்கவுரை வேண்டாம். எதற்கும் மசியாத ஆள் என்ற வழக்கும் இருக்கிறது. முதலிலிருந்தே கேட்காத புற்றை “மசியாதது” என்றும், கரைந்து திரும்பியதை “மசிந்து மீண்டது” என்றும் பிரித்தும் சொல்லலாம். மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைப் பார்க்கிறார்கள். தாளைக் கையில் வாங்குபவரைப் பார்ப்பதில்லை. “செல்கள் மருந்துக்கு மசியவில்லை” என்று எழுதினால் வீட்டார் அடுத்த கேள்வியைத் தாமே கேட்பார்கள்: திரும்பத் திசு எடுத்துச் சோதித்தீர்களா, சிடி20 இன்னும் இருக்கிறதா, வேறு மருந்து என்ன?