திருடன் மதிலைத் தாண்டிய பிறகு

கடலூர் மஞ்சக்குப்பம் பக்கம் ராத்திரியில் திருடன் சிக்கினால் முதலில் கயிறு வரும், அப்புறம் மின்கம்பம், கடைசியில்தான் போலீஸ். இடையில் விழுவதற்குத் 'தர்ம அடி' என்று பெயர். அந்த அடி சட்டப் புத்தகத்தில் எங்கும் இல்லை. ஆனால் அதற்குச் சில நிமிடம் முன்னால் வீட்டுக்குள் விழுந்த அடி இருக்கிறது, தற்காப்பு உரிமை என்ற பெயரில்.

இரவு இரண்டு மணிக்குக் கொல்லைக் கதவை யாரோ நெம்பும் சத்தம் என்று வைத்துக்கொள்வோம். தூக்கத்திலிருந்து எழுந்தவருக்குப் புத்தி தெளியவே 15 முதல் 30 நிமிடம் பிடிக்கும். பயத்தில் சுரக்கும் அட்ரினலின் அதற்கெல்லாம் காத்திருக்காது. நெஞ்சு படபடக்க, கை நடுங்க நிற்கிறார். இருட்டில் விழித்திரையின் குச்சி செல்கள்தான் வேலை செய்யும். அவற்றுக்கு நிறம் தெரியாது, நுணுக்கமும் பிடிபடாது. எதிரே இருப்பவன் கையில் அரிவாளா, டார்ச் லைட்டா? விளக்கைப் போட்டுவிட்டுக் கொல்லைக்கு ஓடினால் இன்னும் மோசம். குச்சி செல்களில் ஒளியை உணரும் நிறமி ரோடாப்சின். வெளிச்சத்தில் சிதைந்த அது முழுசாகத் திரும்பி வர அரை மணி நேரம் வரை ஆகும்.

சட்டமும் இரவைத் தனியாகத்தான் வைத்திருக்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் தற்காப்பு உரிமை 34 முதல் 44 வரையிலான பிரிவுகள். சூரியன் மறைந்து உதிப்பதற்குள் ஒருவன் வீட்டை உடைத்து நுழைந்தால், தடுக்கும்போது அவன் உயிரே போனாலும் குற்றமில்லை என்கிறது 41-ஆம் பிரிவு. 'உடைத்து' என்றால் பூட்டை உடைப்பது மட்டுமல்ல. கூரை ஓட்டைப் பிரித்து இறங்குவதும் மதிலேறிக் குதித்து நுழைவதும் சேர்த்தி. திறந்து கிடந்த வாசல் வழியாக வந்தவன் இந்தக் கணக்கில் வரமாட்டான். அவனால் உயிர் போகும் அல்லது கொடுங்காயம் ஏற்படும் என்று நியாயமாகப் பயந்திருந்தால்தான் அந்த அளவுக்குப் போகலாம். (பெண்ணையாறு தாண்டி புதுச்சேரிக்குப் போனால், ஒரு காலத்தில் அங்கே ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் சட்டத்திலும் இதே இரவு உண்டு. இருட்டில் வீடு உடைத்து வருபவனைத் தடுத்தவர் தற்காப்புக்காகவே செய்தார் என்று அது முதலிலேயே எடுத்துக்கொள்ளும்.)

எந்த நிலையிலும் தேவைக்கு மேல் அடிக்கக் கூடாது, போலீஸை அழைக்க அவகாசம் இருந்தால் உரிமையே இல்லை. எவ்வளவு அடி தேவை என்பதைப் பொன் நிறுக்கும் தராசில் நிறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. பயந்தவன் அடியை எண்ணிக்கொண்டா அடிப்பான்?

சிக்கல் வருவது இந்த உரிமை முடியும் இடத்தில். 41-ஆம் பிரிவு தரும் உரிமை, திருடன் வீட்டுக்குள் இருக்கும் வரைதான். சங்கிலியோடு ஓடுபவனைத் துரத்திப் பிடுங்கலாம், தேவையான அளவு அடிக்கலாம், கொல்லக் கூடாது. நம் உடம்புக்கு இந்தக் கோடு தெரியாது. ரத்தத்தில் அட்ரினலின் சில நிமிடத்தில் குறைந்தாலும் மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசால் உச்சத்துக்குப் போகவே 20, 30 நிமிடம் ஆகும். மின்கம்பத்தைச் சுற்றிக் கூட்டம் கூடுவதும் சரியாக அந்த நேரத்தில்தான். கட்டிவைப்பது வரை பரவாயில்லை. கண்ணெதிரே திருடியவனைப் பொதுமக்களே பிடிக்கலாம், 6 மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். கட்டுண்டவன் மேல் விழும் அடிக்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பண்ருட்டிப் பக்கம் கரண்ட் வேலி போடுபவர்களும் தற்காப்பு என்பார்கள். சட்டம் மன்னிப்பது மனிதனின் பயத்தை. கம்பிக்குத் திருடனும் ஒன்றுதான், வழி தவறி வந்த பிள்ளையும் ஒன்றுதான்.

வழக்கு என்று வந்தால், தற்காப்புதான் என்று காட்டுவது அடித்தவர் பொறுப்பு. சந்தேகமே இல்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை, அப்படித்தான் நடந்திருக்கும் என்று நம்பும்படி இருந்தால் போதும். அதற்கு மருத்துவர் எழுதிய காயப் பட்டியலைத்தான் முதலில் புரட்டுவார்கள்: எத்தனை காயம், முன்பக்கமா முதுகிலா, மணிக்கட்டில் கயிற்றுத் தடம் இருக்கிறதா.