கைவிட்ட குவாரிக்குக் கீழே ஓடும் ஓடை

வன்னியில் கருங்கல் உடைத்துக் கைவிட்ட குழி மாரியில் நிரம்பினால், வழியும் நீர் ஓடையில் இறங்கிக் குளத்தைச் சேரும். வயலும் மாடும் நம்பியிருப்பது அந்தக் குளத்தைத்தான். குழி நீர் ஓடையைக் கெடுக்கிறதா என்று அறிய ஒரு போத்தல் நீர் போதாது. வன்னி அடங்கும் உலர்வலயத்தின் நிலத்தடி நீரில் இயல்பாகவே உப்பும் புளோரைட்டும் கூடுதல். அந்தப் பழியும் குவாரியின் தலையில் விழுந்துவிடும்.

அதனால் குழி நீர் சேருமுன் மேலே ஓரிடத்திலும், நன்றாகக் கலந்தபின் கீழே ஓரிடத்திலும் அளக்க வேண்டும். கீழிடம் வயல் வடிகாலுக்கு முந்தியதாக இருக்கட்டும். கல் உடைக்க வெடித்தபின் எஞ்சிய வெடிமருந்தான அமோனியம் நைத்திரேற்றும் வயலுக்கு எறிந்த யூரியாவும் கடைசியில் நீரில் நைத்திரேற்றாகவே தெரியும், சாதாரணச் சோதனையில் பிரித்தறிய முடியாது.

பல மாரி கழுவிய குழியில் நைத்திரேற்றை விட வண்டலே பெருந்தொல்லை. கருங்கல்லில், காற்றும் நீரும் பட்டு அமிலம் தரும் சல்பைட்டுக் கனிமம் பொதுவாகக் குறைவு என்பதால் அமில நீர் அரிது. ஆனால் கல்லில் துருநிறப் படிவு கண்டு, நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 6க்குக் கீழே இறங்கினால் உலோகங்களையும் சோதிக்க வேண்டும். அதற்கான நீரை 0.45 மைக்ரோன் வடியில் வடித்து, நைத்திரிக் அமிலத்தால் பி.எச். 2க்குக் கீழே கொண்டுவர வேண்டும். இல்லையேல் உலோகம் போத்தல் சுவரில் ஒட்டிக்கொள்ள, ஆய்வுகூடத்துக்குக் குறைந்த அளவே கிடைக்கும்.

பி.எச். மானியை அன்றன்று காலை பி.எச். 7.00, 4.01 என்று தெரிந்த தாங்கற் கரைசல்களில் சரிபார்க்கவும். அதன் கண்ணாடிக் குமிழைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவிடுவது பலர் செய்யும் பிழை. மானியின் உணர்முனைக்குள் இருக்கும் கரைசலிலிருந்து உப்பு வெளியேறி, வாசிப்பு ஒரு நிலையில் நிற்காமல் அலையும். 3 மோலர் பொட்டாசியம் குளோரைட்டுக் கரைசலே அதற்கு ஏற்றது.

நீர் எடுப்பதை வாரம் ஒருநாள் என்று வைத்தால் முக்கியமான நாள் தப்பிவிடும். கோடை முழுக்கப் படிந்த தூள், ஐப்பசியின் முதல் பெருமழையில் ஓடை ஏறும்போதே போய்விடும். தண்ணீர் ஏறத் தொடங்கியதும் அரைமணிக்கொரு முறை எடுக்க வேண்டும்.

நீரோட்டத்தையும் கூடவே அளக்கவும். ஒரு தோடம்பழத்தை மிதக்கவிட்டு 10 மீற்றர் போக எடுக்கும் நேரத்தைப் பாருங்கள். 20 செக்கன் என்றால் வேகம் செக்கனுக்கு 0.5 மீற்றர். அடிப்பக்க நீர் மெதுவாக ஓடுவதால் 0.85 ஆல் பெருக்க வேண்டும். ஓடை 1.5 மீற்றர் அகலம், சராசரி 0.2 மீற்றர் ஆழம் என்றால் செக்கனுக்கு ஏறத்தாழ 127 லீற்றர். கீழிடத்தில் ஏதேனும் ஒரு பொருள் மேலிடத்தை விட லீற்றருக்கு 2 மில்லிகிராம் மட்டுமே கூடியிருந்தாலும், அதே ஓட்டம் நாள் முழுக்க நின்றால் குளத்துக்குப் போவது சுமார் 22 கிலோ.