பாசிக்குடாவிலிருந்து ஒரு கல் எடுத்து வரட்டுமா?

கச்சான் காலத்தில் கடல் தெளிந்து அடங்கியதும் என் தொலைபேசிக்கு வாரம் ஒரு தடவையாவது இந்தக் கேள்வி வரும். "அண்ணன், பிள்ளைகளோட பாசிக்குடாவுக்குப் போறம். தொட்டிக்குள்ள வைக்க ஒரு முருகைக்கல் எடுத்து வரட்டா?" கடைசியாகக் கேட்டவர் களுவாஞ்சிக்குடிப் பக்கத்து ஆசிரியர் ஒருவர். கார்ட்டூனில் பார்த்த ஆரஞ்சு நிறக் கோமாளி மீன் வேண்டுமென்று அவருடைய மகள் அடம்பிடித்திருக்கிறாள். மூன்றடித் தொட்டியும் வாங்கியாகிவிட்டது. "கல்லொன்று இருந்தால்தானே கடல் மாதிரி இருக்கும்" என்றார்.

மட்டக்களப்பில் மீன்தொட்டி அமைத்துப் பராமரிப்பது என் தொழில். வருடத்தில் நாலைந்து மாதம் கல்குடா, காயாங்கேணிப் பக்கம் கடலிலும் இறங்குகிறேன். தொட்டியையும் கடலுக்கடியிலுள்ள முருகைப் பாரையும் இரண்டு பக்கமும் நின்று பார்ப்பதால் ஆசிரியருக்குச் சொன்னதை எல்லோருக்கும் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் அந்த முருகைக்கல், அதாவது பவளப்பாறைத் துண்டு. பயறு, கடலை அளவான ஆயிரக்கணக்கான உயிர்கள் கூடிக் கட்டிய வீடு அது. அவற்றின் தசைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத அல்காக்கள் என்னும் நுண்பாசிகள் குடியிருந்து, வெயிலில் உணவு செய்து கொடுக்கின்றன. உருண்டையாக வளரும் வகை வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர்தான் பருக்கும். தேங்காயளவு கல்லொன்றைக் கையில் எடுத்தால் சுமார் பத்து வருட உழைப்பைத் தூக்கியிருக்கிறீர்கள். பாசிக்குடாவில் நெடுந்தூரத்துக்கு இடுப்பளவு தண்ணீர்தான் என்பதால் அதைப் பெயர்ப்பது எவருக்கும் சுலபம். மிதிப்பது அதைவிடச் சுலபம்.

வீட்டுக்கு வந்த பிறகு நடப்பதையும் சொல்லவேண்டும். உயிருள்ள முருகைக்கல்லைச் சாதாரண விளக்கும் சின்ன பில்டரும் உள்ள தொட்டியில் வைத்தால் ஒன்றிரண்டு நாளில் தசை கரைந்து வழியத் தொடங்கும். அமோனியா ஏறும். விடியும்போது மீன்களும் மிதக்கும். இப்படி நாறிப்போன தொட்டிகளை நான் எத்தனையோ தடவை இறைத்திருக்கிறேன். சட்டமும் தெளிவாக இருக்கிறது. கடின முருகை உயிரிகள் எல்லாம் வனசீவராசிகள், தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்டவை. காயாங்கேணிக் கடல் 2019இல் கடல்சார் சரணாலயமாகவே பிரகடனப்படுத்தப்பட்டது.

எங்கள் பாட்டன்மார் காலத்தில் கல்குடாப் பக்கத்தில் முருகைக்கல்லைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள். எங்கள் பழைய வீட்டுச் சுவரில் இருந்தது அந்த வெள்ளைதான். 1988ஆம் ஆண்டுக் கரையோரப் பாதுகாப்புத் திருத்தச் சட்டம் கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வதைத் தடைசெய்தது. அவர்கள் வயிற்றுப் பிழைப்புக்குச் செய்தார்கள். அலங்காரத்துக்காக நாம் எடுக்கும் ஒரு துண்டுக்கு அந்த நியாயமும் கிடையாது.

இனி மீன். என் மனத்தில் கிடந்து உறுத்தும் விசயம் இது.

காயாங்கேணியில் ஒரு பாறைச் சந்து இருக்கிறது. அங்கே விரல் நீளமான, நீல உடலில் கறுப்புக் கோடு ஓடும் சின்ன மீன் ஒன்று நிற்கும். வியாபாரத்தில் 'கிளீனர் ராஸ்' என்பார்கள். அதன் முன்னால் கலவாய், கிளிமீன் எல்லாம் வாயையும் செவுளையும் திறந்தபடி முறைக்குக் காத்து நிற்பதை நான் அரை மணித்தியாலம் அசையாமல் பார்த்திருக்கிறேன். கலவாய் நினைத்தால் ஒரு வாயில் விழுங்கிவிடும். விழுங்காது. அந்தச் சின்னது உள்ளே போய்ப் பல்லிடுக்குவரை ஒட்டுண்ணிகளைப் பொறுக்கிவிட்டு வெளியே வரும். ஒரு மீன் ஒரு நாளைக்குச் சுமார் 1200 ஒட்டுண்ணிகளைத் தின்பதாக அவுஸ்திரேலியாவில் கணக்கெடுத்திருக்கிறார்கள். அந்த நாட்டுப் பாரிலேயே சில திட்டுகளிலிருந்து இந்த மீனை மட்டும் எட்டரை வருடங்கள் தொடர்ந்து அகற்றிப் பார்த்தபோது, அங்கே வசித்த மற்ற மீன்களின் தொகை மூன்றிலொரு பங்குக்கு மேல் குறைந்துபோயிருந்தது.

தொழிலுக்கு வந்த புதிதில் நான் இந்த மீனை வாங்கி நான்கு தொட்டிகளில் விட்டேன். "மற்ற மீனுக்கு வருத்தம் வராது" என்று சொல்லியே விற்றேன். தொட்டியில் இருப்பதோ மூன்று, நான்கு மீன். அவற்றில் அதற்குப் பொறுக்க என்ன இருக்கும்? போட்ட தீனியைத் தொடவேயில்லை. நாளுக்கு நாள் வயிறு ஒட்டி முதுகு கத்தியாகி, இரண்டு மாதத்துக்குள் நான்கும் செத்தன. கடலில் நூற்றுக்கணக்கான மீன்களுக்கு வைத்தியம் பார்த்த உயிரைப் பட்டினி போட்டுக் கொன்றது நான்தான். அந்தப் பாரில் அதன் இடம் வெறுமையாகக் கிடந்ததை எந்த வாடிக்கையாளரும் பார்க்கவில்லை. நானும் அப்போது பார்க்கவில்லை.

வண்ணத்துப்பூச்சி மீன்களில் சில இனங்களும் இப்படித்தான். உயிருள்ள முருகையைத் தவிர வேறெதையும் தின்னாது. தட்டுத் தட்டாக அழகாக இருக்கிறதென்று தயவுசெய்து வாங்காதீர்கள்.

நன்னீர் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை பண்ணையில் பிறந்தவை. கடல் மீன்களில் பெரும்பாலானவை இன்றும் கடலிலிருந்தே பிடிக்கப்படுகின்றன. 1930களிலேயே இலங்கையிலிருந்து இந்த ஏற்றுமதி தொடங்கிவிட்டது. பாறையை வலையால் மூடி, அலவாங்கால் முருகையை இடித்து மீனைக் கிளப்பும் 'மொக்சி' வலை சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. எந்த இனத்தை ஏற்றவே கூடாது, எதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்று 1998ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் பட்டியல் போட்டிருக்கின்றன. பிடிக்கும் சுழியோடிகள்மேல் எனக்குக் கோபமில்லை. சிலிண்டரோடு ஒரே நாளில் மூன்று, நான்கு தடவை இறங்கி ஏறி, இரத்தத்தில் வாயுக் குமிழி அடைத்துக் கால் விழுந்துபோன தம்பிமாரை எனக்குத் தெரியும். மீனுக்கு அவர்களுக்குக் கிடைக்கும் காசு, கடையில் நீங்கள் கொடுக்கும் விலையில் சிறு துண்டு.

தொட்டிக்காரர்கள்தான் பாரை அழிக்கிறார்கள் என்று சொல்லமாட்டேன். பெரிய எதிரி வெப்பம். வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு பாகை கூடி அது சில கிழமைகள் நீடித்தாலே முருகை தன்னுள் இருக்கும் அல்காக்களை வெளியேற்றி வெளிறிப்போகும். 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது வெளிறல் நிகழ்வு அறிவிக்கப்பட்டது. வெளிறிய பார் திரும்ப எழும்ப வேண்டுமென்றால் பாசியை மேயும் மீனும், ஒட்டுண்ணி பொறுக்கும் மீனும் அங்கே இருக்கவேண்டும். காய்ச்சலில் கிடப்பவன் வீட்டிலிருந்து வைத்தியரைத் தூக்கிக்கொண்டு வரலாமா?

மின்சாரத்தையும் யோசியுங்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்ததே, அப்போது ஒரு விடுதியின் பெரிய கடல்நீர்த் தொட்டி என் பொறுப்பில் இருந்தது. ஜெனரேட்டருக்கு டீசல் கிடைக்கவில்லை. விடுதிப் பையன்களும் நானும் மாறி மாறி வாளியால் தண்ணீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றினோம், கொஞ்சமாவது ஒட்சிசன் கரையட்டும் என்று. இரண்டாம் நாள் பவுடர் புளூ என்ற நீல மீன் செத்தது. நான்காம் நாள் எல்லாம் முடிந்தது.

அப்படியும் கடல்நீர்த் தொட்டிதான் வேண்டும் என்பவர்களிடம் நான் கேட்பவை இவை. மீன் குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்ததா? கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்து வளர்க்கலாம், கடலுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டின் மண்டபம் ஊரிலுள்ள கடல் மீன் ஆய்வு நிலையத்திலும் செய்து காட்டியிருக்கிறார்கள். விற்பவர் பதில் சொல்லாவிட்டால் வாங்காதீர்கள். கடலில் கோமாளி மீன் ஒளிந்து வாழும் கடற்சாமந்தியைக் கேட்காதீர்கள், தொட்டியில் பிறந்த கோமாளிக்கு அது இல்லாமலே வாழத் தெரியும். மீன் விடுமுன் தொட்டியை நான்கு முதல் ஆறு கிழமை வெறுமையாக ஓடவிடத் தயாரா? அமோனியாவை நைத்திரைற்றாகவும் அதை நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியா வளர அவ்வளவு காலம் வேண்டும். மாரியில் வாவியின் முகத்துவாரம் வெட்டியபின் கல்லடிக் கரையில் கலங்கலும் நன்னீரும் கலந்து கிடக்கும் தண்ணீரை அள்ளி ஊற்றினால் அந்தக் காலம் முழுவதும் வீண்.

ஆசிரியரும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப இந்த மூன்றடித் தொட்டியை என்ன செய்யிற தம்பி?" என்றார். கப்பி, பிளாட்டி போன்ற நன்னீர் மீன்களை விடச் சொன்னேன். மகளைக் கூட்டிக்கொண்டு அவர் பாசிக்குடாவுக்கும் வந்தார். முகமூடி மாட்டிவிட்டு, கல்லில் கால் படாமல் குப்புற மிதக்கக் கற்றுக்கொடுத்தேன். கரையேற மாட்டேன் என்று நின்றாள். தொட்டிக்குத் தேவைப்பட்ட கல், வீடு கட்டி மிஞ்சிய நான்கு துண்டுக் கருங்கல்தான். நன்றாகக் கழுவி அடுக்கியிருக்கிறோம். கப்பி குட்டி போட்டிருப்பதாகப் போன கிழமை சொன்னார்.