தையல்சிட்டின் தையல்

இலங்கை மலையகத்தில், பண்டாரவளைக்கு அருகிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்தின் பின்புறத்து மரக்கறிப் பாத்தியில், கத்தரிச் செடியின் இரண்டு இலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பதைக் கண்டேன். புழு விழுந்துவிட்டதென்று எண்ணி அவற்றைப் பிய்க்கக் கை நீட்டியபோது, இலைகள் சேரும் ஓரத்தில் கடுகளவான வெண்பஞ்சுப் பொட்டுகள் வரிசையாகத் தெரிந்தன. உள்ளே மூன்று முட்டைகள் இருந்தன. அது தையல்சிட்டின் கூடு.

மலையகத்தில் இந்தப் பறவையைக் கவனித்துப் பாராதவர் இருக்கலாம். அதன் குரலைக் கேளாதவர் இருக்க முடியாது. சிங்களத்தில் இதனைப் பட்டிச்சா என்பார்கள். வாலையும் சேர்த்து அளந்தால் 10 முதல் 14 சென்ரிமீற்றர் வரை நீளமும், ஏறத்தாழ 6 முதல் 10 கிராம் வரை எடையும் கொண்ட உடலிலிருந்து அத்தனை உரத்த ஒலி எழுவது வியப்புக்குரியது. அது கூவும்போது கழுத்தின் இரு பக்கங்களிலும் கரும்பட்டை ஒன்று தோன்றி மறையும். அது இறகின் நிறமன்று. கழுத்து நீளும்போது இறகுகள் விலகி, அடியிலுள்ள கருநிறத் தோல் வெளித்தெரிகிறது. செம்பழுப்பு நெற்றியும் இலைப்பச்சை முதுகும் நிமிர்ந்த வாலும் இதன் மற்ற அடையாளங்கள். இலங்கையின் மேட்டு நிலங்களில் வாழ்வதைத் தனித் துணையினமாக 1939இல் வகைப்படுத்தினார்கள்.

1769இல் இப்பறவைக்கு அறிவியல் பெயரிட்ட தோமஸ் பென்னன்ட், செருப்புத் தைப்பவரைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து அப்பெயரை எடுத்தார். மிகப் பொருத்தமான பெயர் என்பேன். துணி தைப்பவரின் ஊசி துளையிட்டபடியே நூலையும் கொண்டு செல்கிறது. செருப்புத் தைப்பவரோ முதலில் குத்தூசியால் துளையிட்டு, அதன் பின்னரே நூலை நுழைக்கிறார். தையல்சிட்டின் மெல்லிய கூரலகு செய்வதும் இதையேதான்.

தைக்கும் வேலையைப் பெரும்பாலும் பெண் பறவையே செய்கிறது. அகன்ற இலையொன்று கிடைத்தால் அதன் இரு விளிம்புகளையும், சிறிய இலைகளாயின் இரண்டு மூன்றையும் சேர்த்து, விளிம்போரமாக அலகால் துளைகள் இடுகிறது. சிலந்தி நூல், பஞ்சு, பூச்சிக்கூட்டின் பட்டிழை ஆகியவற்றில் அகப்பட்டதைக் கொண்டு இரு விளிம்புகளையும் இணைக்கிறது. ஒரே நூல் தொடர்ந்து ஓடுவதில்லை. ஒவ்வொரு தையலும் தனித்தனி இழை. அதற்கு முடிச்சும் கிடையாது. துளையின் வழியே வெளியே வந்த இழையின் நுனி பிரிந்து பஞ்சாக விரிந்து நிற்க, அதுவே தகடுகளைப் பொருத்தும் தறையாணியின் தலையைப் போல இழையைப் பிடித்துக்கொள்கிறது. வளைக்கப்பட்ட இலை மீண்டும் விரியப் பார்க்கும்போது இழை உள்நோக்கி இழுபடும். இழுபட இழுபட, வெளியிலுள்ள பஞ்சுத் தலை துளையை இறுக அடைத்துக்கொள்ளும். இலை விரிய முயலும் விசையே தையலை இறுக்குகிறது. இந்த ஏற்பாட்டின் நுட்பமெல்லாம் இதில்தான் இருக்கிறது.

இலையைப் பறவை காம்பிலிருந்து பறிப்பதில்லை. துளைகளும் மிகச் சிறியவை. ஆகவே தைத்த பிறகும் இலை நீரேற்று உயிரோடிருக்கிறது. இலையின் மேற்பக்கமே வெளியே தெரியும்படி சுருட்டப்படுவதால், பக்கத்து இலைகளுக்கும் இதற்கும் நிறத்தில் வேறுபாடு தெரிவதில்லை. மேற்புறம் திறந்த இந்தக் கூம்புக்குள் பஞ்சு, மயிர், மென்புல் ஆகியவற்றைக் கொண்டு மெத்தை அமைகிறது.

ஆண்டு முழுவதும் கூடு கட்டக்கூடிய பறவையாயினும், இலங்கையில் மார்ச் முதல் மே வரையும் ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்களிலும் கூடுகள் மிகுதி. தேயிலைச் செடிகளைத் தறித்து, அதாவது கவ்வாத்து வெட்டிய மலையில் தைப்பதற்கு இலையிராது. வேலியோரமும் வீட்டுத் தோட்டமும் அதற்குப் போதும். ஏறத்தாழ 12 நாட்களில் முட்டை பொரிந்தபின், தாயும் தந்தையுமாகப் பூச்சிகளையும் புழுக்களையும் பிடித்து ஊட்டுகின்றன. மேலும் இரு வாரங்களில் குஞ்சுகள் வெளியேறிவிடும்.

எங்கள் கத்தரிச் செடியின் கூடு வெறுமையான பின்னர் அந்த இலைகளைக் கையிலெடுத்துப் பார்த்தேன். துளைகளைச் சுற்றி மயிரிழை அகலத்துக்கு மட்டுமே பழுப்பேறியிருந்தது. இழையொன்றைக் கூட்டின் உட்புறமாக நின்று இழுத்தேன். இலைதான் அசைந்தது, இழை வரவில்லை. வெளிப்பக்கத்துப் பஞ்சை நகத்தால் கிள்ளி நீக்கியதும், தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.