கடையைத் திறந்து வைத்தால் மட்டும் ஆள் வருமா?

1377ஆம் ஆண்டு. அட்ரியாட்டிக் கடற்கரையில் ரகுசா என்றொரு துறைமுக நகரம். இன்று குரோஷியாவில் டுப்ரோவ்னிக் என்ற பெயரில் இருக்கும் ஊர்தான் அது. வெளியூர்க் கப்பல் வந்தால்தான் அங்கே அடுப்பு எரியும். ஆனால் கப்பலோடு சேர்ந்து பிளேக்கும் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. துறைமுகத்தை மூடினால் பட்டினி, திறந்து வைத்தால் சாவு. நகரின் பேரவை யோசித்து ஒரு சட்டம் போட்டது: பிளேக் இருக்கும் இடத்திலிருந்து வருகிறவர்கள் பக்கத்துத் தீவிலோ, சற்றுத் தள்ளியிருக்கும் சிற்றூரிலோ ஒரு மாதம் தங்கட்டும். அதுவரை நோய் வராவிட்டால் ஊருக்குள் வரட்டும்.

பின்னாளில் வேறு துறைமுகங்களில் முப்பது நாள் நாற்பது நாளானது. இத்தாலிய மொழியில் நாற்பதுக்கு ‘குவாரன்டா’. ‘குவாரன்டைன்’ பிறந்தது அப்படித்தான். பிளேக் கிருமி கண்ணில் பட்டதோ 1894இல். நோய் எதனால் வருகிறது என்று தெரியாமலே, ஐந்நூறு வருடம் முன்கூட்டி ஒரு வணிக நகரம் இந்த ஏற்பாட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. வியாபாரத்தை நிறுத்துவதற்கான கருவி என்றுதான் தனிமைப்படுத்தலை நாம் நினைத்துக்கொள்கிறோம். ரகுசா அதைக் கண்டுபிடித்தது வியாபாரம் நின்றுவிடக் கூடாதே என்பதற்காக.

2020இல் கோவிட் வந்தபோது உலகம் முழுக்க ‘உயிரா, பிழைப்பா’ என்று வாதாடினார்கள். இரண்டும் ஒரே தராசின் இரு தட்டுகள், ஒன்று ஏறினால் மற்றது இறங்கியே ஆக வேண்டும் என்ற கற்பனை அந்த வாதத்துக்குள் ஒளிந்திருந்தது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊரடங்கு போட்டதால்தான் கடைகள் காலியாயினவா என்று அளந்து பார்த்தவர்களுக்கு வேறு ஒரு படம் கிடைத்தது.

அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் ஆஸ்டன் கூல்ஸ்பீயும் சாட் சிவர்சனும் கைபேசிகளின் இருப்பிடத் தரவைக் கொண்டு, இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வணிக இடங்களுக்கு எத்தனை பேர் வந்துபோனார்கள் என்று எண்ணினார்கள். அவர்கள் கையாண்ட உத்தி எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே வட்டாரம், ஒரே மாதிரி கடைகள், நடுவில் ஒரு நிர்வாக எல்லைக்கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் ‘வீட்டிலேயே இருங்கள்’ என்ற உத்தரவு உண்டு, அந்தப் பக்கம் இல்லை. உத்தரவுதான் காரணம் என்றால் அந்தப் பக்கத்துக் கடைகளில் கூட்டம் இருந்திருக்க வேண்டும் அல்லவா? இல்லை. மொத்தத்தில் ஆள் வரத்து 60 சதவீதம் விழுந்திருந்தது. அந்த 60இல் உத்தரவின் பங்கு வெறும் 7 புள்ளிகள். மீதிப் பேர் தாங்களாகவே வராமல் இருந்தார்கள். உத்தரவு வருவதற்கு முன்பே வரத்து சரியத் தொடங்கிவிட்டது. வந்த கொஞ்சநஞ்சம் பேரும் நெரிசலான கடையை விட்டு நெரிசல் குறைந்த கடைக்கு மாறியிருந்தார்கள்.

இதே கேள்வியை டென்மார்க்கும் ஸ்வீடனும் இயற்கையாகவே அமைந்த ஒரு சோதனையாகத் தந்தன. டென்மார்க் சீக்கிரம் மூடியது, ஸ்வீடன் பெரும்பாலும் திறந்தே வைத்திருந்தது. ஒரு வங்கியின் வாடிக்கையாளர் கணக்குகளைப் பார்த்தபோது மக்களின் செலவு டென்மார்க்கில் 29 சதவீதமும், ஸ்வீடனில் 25 சதவீதமும் குறைந்திருந்தது. திறந்து வைத்ததில் மிஞ்சியது நான்கு புள்ளிகள். 2020 ஜூன் முடிவில் ஸ்வீடனில் இறந்தவர்கள் 5,000க்கு மேல், டென்மார்க்கில் சுமார் 600. ஸ்வீடனின் மக்கள்தொகை டென்மார்க்கைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்குதான்.

ஊரடங்கு செலவில்லாத சமாசாரம் என்று இதற்கு அர்த்தமில்லை. பயந்து வீட்டில் உட்காருவதற்கும் வசதி வேண்டும். பணக்கார நாடுகளில்தான் மக்களின் சுய ஒதுக்கம் பெரிதாக இருந்தது, ஏழை நாடுகளில் அது குறைவு என்று சர்வதேச நாணய நிதியம் அதே ஆண்டு கணக்கிட்டது. வீட்டிலிருந்து வேலை பார்க்க முடியாதவர், பயம் இருந்தாலும் வெளியே போய்த்தான் ஆக வேண்டும். இதற்குக் கடைசியில் வருவோம்.

தராசை விட்டுவிட்டு இரண்டு கடிகாரங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று கிருமியுடையது, மற்றது கல்லாப்பெட்டியுடையது.

கிருமியின் கடிகாரத்தைக் கணக்காக எழுதியவர்களில் முக்கியமானவர்கள் கெர்மாக், மெக்கென்ட்ரிக் இருவரும். கெர்மாக் வேதியியலாளர், 1924இல் ஆய்வக விபத்தொன்றில் பார்வையை முற்றிலும் இழந்தவர். மெக்கென்ட்ரிக் மருத்துவர். 1927இல் இவர்கள் எழுதிய கட்டுரைதான் இன்றைய பரவல் கணிப்புகளுக்கெல்லாம் தாத்தா. இனிமேல் நோய் வரக்கூடியவர்கள், இப்போது பரப்பிக்கொண்டிருப்பவர்கள், குணமாகியோ இறந்தோ ஆட்டத்திலிருந்து விலகியவர்கள் என்று ஊரை மூன்று கூட்டமாகப் பிரித்துப் பாருங்கள் என்றார்கள். முதல் கூட்டம் பெரிதாக இருக்கும் ஆரம்ப நாட்களில் நோய் பெருக்கல் வாய்ப்பாட்டில் ஓடும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். நோயாளிகள் மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறார்கள் என்று வையுங்கள். இரண்டு வாரம் யோசித்துக்கொண்டே இருந்தால், 100 பேர் இருந்த இடத்தில் சுமார் 2,500 பேர் இருப்பார்கள். சரி, இப்போது மூடிவிடுவோம். மூடிய பிறகு எண்ணிக்கை பாதியாகப் பத்து நாள் ஆகிறது என்று கொள்வோம். ஏறும் வேகத்தில் இறங்குவதில்லை என்பதுதான் இதில் வம்பு. 2,500 மறுபடி 100 ஆக ஏறக்குறைய 47 நாள் பிடிக்கும். இரண்டு வாரத் தயக்கத்துக்கு ஏழு வார மூடல் வட்டியாகப் போகிறது. ‘கடைக்காரர்கள் பாவம், இன்னும் கொஞ்சம் பொறுப்போம்’ என்று தள்ளிப்போடுகிறவர் கடைக்காரருக்கு என்ன செய்கிறார் என்று இந்த எண்ணைப் பார்த்தால் தெரியும்.

1918 ஃப்ளூவின்போது நிஜமாகவே இப்படி ஒரு பதினான்கு நாள் இருந்தது. அமெரிக்க நகரமான பிலடெல்ஃபியாவில் முதல் நோயாளிகள் தென்பட்டுப் பதினாறு நாள் கழித்துத்தான் கட்டுப்பாடுகள் வந்தன. இடையில் செப்டம்பர் 28 அன்று போர்க்கடன் திரட்டப் பெரிய ஊர்வலமே நடந்தது. இன்னொரு அமெரிக்க நகரமான செயின்ட் லூயிஸ் இரண்டே நாளில் மூடியது. இரண்டுக்கும் இடையே வித்தியாசம் அந்தப் பதினான்கு நாள். உச்சகட்ட வாரத்தில், வழக்கத்தைவிடக் கூடுதலாக இறந்தவர்கள் பிலடெல்ஃபியாவில் லட்சத்துக்கு 257 பேர். செயின்ட் லூயிஸில் 31 பேர்.

சீக்கிரம் மூடிய நகரங்கள் பொருளாதாரத்திலும் சீக்கிரம் எழுந்தனவா? 2020இல் வந்த ஓர் ஆய்வு, அவை மற்ற நகரங்களைவிட மோசமாகவில்லை என்றது. அந்த நகரங்கள் 1918க்கு முன்பிருந்தே வேகமாக வளர்ந்துகொண்டிருந்தவை, அதை நோய்க்கட்டுப்பாட்டின் கணக்கில் எழுதாதீர்கள் என்று வேறு சிலர் மறுத்தார்கள். மறுப்பில் வலு இருப்பதாகவே எனக்குப் படுகிறது. நூறு வருடப் பழைய தரவை இதற்கு மேல் பிழிய முடியாது.

இனி கல்லாப்பெட்டியின் கடிகாரம். வருமானம் அறவே நின்றுபோனால் ஒரு சிறுதொழில் எத்தனை நாள் தாங்கும்? அமெரிக்காவில் ஜேபி மார்கன் சேஸ் வங்கியின் ஆய்வகம் 2016இல் சுமார் 6 லட்சம் சிறுதொழில்களின் கணக்குகளைப் பார்த்தது. வரிசையின் நடுவில் நிற்கும் தொழிலின் கையிருப்பு 27 நாளுக்கு வரும். உணவகங்களில் அது 16 நாள். மேலே நாம் போட்ட கணக்கு 47 நாள். பிரச்சினை முழுக்க இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

கையிருப்பு தீர்ந்த பிறகு நடப்பதுதான் கொடுமை. வாடகை பாக்கி ஏறுகிறது, கடன் தவணை நிற்கிறது, பத்து வருடம் கூட இருந்த சமையல்காரர் வேறு வேலை தேடிப் போகிறார், சரக்கு கொடுத்தவர் கடனுக்குத் தர மறுக்கிறார். நோய் ஓய்ந்த பின் கதவைத் திறக்கலாம், கலைந்துபோன ஆட்களை யார் கூட்டி வருவது? நல்ல தொழில்தான், நஷ்டத் தொழில் இல்லை. ஆனால் இருபதே நாள் பற்றாக்குறையில் செத்துப்போகிறது. வேலை இழந்தவர் செலவைச் சுருக்க, மூடச் சொல்லாத கடைகளிலும் விற்பனை படுக்கிறது.

ஜெர்மனியில் ‘குர்ட்ஸ்ஆர்பைட்’ என்றொரு ஏற்பாடு பல வருடங்களாக உண்டு. குறுகிய நேர வேலை என்று பொருள். ஆளை வேலையை விட்டு அனுப்பாதே, நேரத்தைக் குறைத்துக்கொள், அதனால் குறையும் நிகரச் சம்பளத்தில் 60 சதவீதத்தை, பிள்ளைகள் உள்ளவருக்கு 67 சதவீதத்தை, அரசு தரப்பு கொடுக்கும் என்பது அடிப்படை விதி. 2020 ஏப்ரலில் சுமார் 60 லட்சம் பேர் அதில் இருந்தார்கள். இதைத் தர்மக் காரியமாக மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். சம்பளம் வருகிறவர், காய்ச்சலோடு வேலைக்குப் போக மாட்டார். கல்லாப்பெட்டிக்குப் போட்ட பணம் கிருமியின் வழியையும் அடைக்கிறது.

சரி, எல்லாவற்றையும் மூடத்தான் வேண்டுமா? இங்கேதான் எண்கள் நமக்குச் சாதகமாகத் திரும்புகின்றன.

ஓர் அறையில் பத்துப் பேர் இருந்தால் இருவர் இருவராக எத்தனை ஜோடி சேரும்? 45. ஐந்து பேர் என்றால் 10 தான். ஆளைப் பாதியாக்கினால் தொற்றுக்கான வாய்ப்பு கால்வாசிக்கும் கீழே போய்விடுகிறது. அதே பத்துப் பேரை ஐந்து ஐந்தாக இரண்டு வேளைகளில் வரச் சொன்னால், வியாபாரம் குறையவே இல்லை, ஜோடிகளோ 20 தான். வரும்படி ஆளுக்கு ஆள் கூடுகிறது, தொற்று ஜோடிக்கு ஜோடி கூடுகிறது. இரண்டும் வெவ்வேறு வேகத்தில் ஏறுவதால், கொஞ்சம் வருமானத்தை விட்டுக்கொடுத்து நிறையத் தொற்றைத் தடுக்க இடம் கிடைக்கிறது.

அமெரிக்காவின் பத்துப் பெருநகரங்களில் 9.8 கோடிப் பேரின் நடமாட்டத்தை வைத்து 2021இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஒரு மாதிரிக் கணிப்பு இதைத்தான் பெரிய அளவில் காட்டியது. சிகாகோவில் மக்கள் போய்வரும் இடங்களில் பத்தில் ஒரு பங்கு இடங்களே, அந்த இடங்களில் நேரும் தொற்றில் 85 சதவீதத்துக்குக் காரணம் என்று கணிப்பு சொன்னது. உச்சக் கூட்டத்தை இடத்தின் கொள்ளளவில் 20 சதவீதத்துக்குள் நிறுத்தினால் புதிய தொற்று 80 சதவீதத்துக்கு மேல் குறையும், ஆனால் ஆள் வரத்தில் இழப்பு 42 சதவீதம்தான். நெரிசல் நேரத்து ஆட்கள் மட்டும் கழிகிறார்கள், மந்தமான நேரத்தில் யாரையும் தடுக்க வேண்டியதில்லை. 42 சதவீதம் சின்ன இழப்பில்லை என்பதும் உண்மைதான். ஆனால் முழு மூடலில் இழப்பு நூறு.

எந்த இடம் ஆபத்து என்பதற்கு ஒரு பாட்டுக் குழுவின் கதை போதும். 2020 மார்ச் 10 மாலை, வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு சேர்ந்திசைக் குழு இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. வந்தவர்கள் 61 பேர், அவர்களில் ஒருவருக்கு லேசான சளி. கடைசியில் அவரையும் சேர்த்து 53 பேருக்கு நோய் கண்டது, இருவர் இறந்தார்கள். மூடிய அறை, நெருங்கிய நாற்காலிகள், எல்லோரும் நெஞ்சிலிருந்து மூச்சை எடுத்துப் பாடுகிறார்கள். கோவிட் வந்தவர்களில் பலர் ஒருவருக்கும் பரப்பாமல் குணமாகிவிட, இப்படிச் சில மாலைப்பொழுதுகள் மொத்தக் கணக்கையும் தூக்கிவிட்டன. ஜப்பான் இதை முன்கூட்டியே பிடித்துக்கொண்டது. அடைத்த இடம், கூட்டமான இடம், நெருங்கிப் பேசும் இடம் ஆகிய மூன்றையும் தவிருங்கள் என்று மக்களுக்குச் சொன்னது. ஜன்னலைத் திறந்து வைக்கப் பெரிய பட்ஜெட் தேவையில்லை.

விலை கூடிய கட்டுப்பாடுகளும் உண்டு, பள்ளி மூடல் அதில் தலையாயது. 2021 மார்ச்சில் யுனிசெஃப் எண்ணியபோது, 16.8 கோடிக் குழந்தைகளுக்கு ஏறக்குறைய ஒரு வருடமாகப் பள்ளி திறக்கவே இல்லை. 2020இல் முதல் தட்டம்மைத் தடுப்பூசியைத் தவறவிட்ட பச்சிளம் குழந்தைகள் 2.2 கோடிக்கு மேல், முந்தைய ஆண்டைவிட 30 லட்சம் அதிகம். இங்கே எதிரெதிரே நிற்பது உயிரும் பிழைப்பும் கூட இல்லை, ஒரு நோயும் இன்னொரு நோயும்.

பொருளாதாரத்துக்கு மிகக் குறைவாக வலிக்கும் வழி எது என்று கேட்டால், ரகுசாவின் பழைய வழிதான்: நோய் உள்ளவரையும் அவரோடு பழகியவரையும் மட்டும் ஒதுக்கி வைத்து, மற்றவர்களை நடமாட விடுவது. பரிசோதனையின் வேலை இதுதான். ஊரில் ஆயிரத்தில் ஐந்து பேருக்கு நோய் என்றால், யார் அந்த ஐந்து பேர் என்று தெரியாத வரை ஆயிரம் பேரையும் வீட்டில் வைக்க வேண்டியிருக்கிறது. தெரிந்துவிட்டால் 995 பேர் வேலைக்குப் போகலாம். ஆனால் அந்த ஐந்து பேர் பத்து நாள் சம்பாதிக்காமல் இருக்க முடிய வேண்டும். முடியாவிட்டால் பரிசோதனைக்கே வர மாட்டார்கள். முறைசாரா வேலையில் இருப்பவர்கள் உலகில் சுமார் 200 கோடிப் பேர். அவர்களிடம் சம்பள ரசீது இல்லை, விடுப்பும் இல்லை.

ஆப்பிரிக்க நாடான டோகோ 2020 ஏப்ரலில் இதற்கு ஒரு குறுக்குவழி கண்டது. ‘நொவிசி’ என்ற திட்டம். சாதாரணக் கைபேசியிலேயே விண்ணப்பிக்கலாம், வாக்காளர் அட்டையை வைத்து ஆளைச் சரிபார்ப்பார்கள், பணம் கைபேசிக் கணக்கிலேயே விழும். ஆண்களைவிடப் பெண்களுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தார்கள். பிறகு செயற்கைக்கோள் படங்களையும் கைபேசிப் பயன்பாட்டுத் தரவையும் கொண்டு எந்தப் பகுதி, எந்த ஆள் அதிக ஏழை என்று கணித்துப் பணம் அனுப்பினார்கள்.

1377இல் ரகுசாவிடம் செயற்கைக்கோள் இல்லை. இருந்தாலும் அந்தச் சட்டத்தில் சாப்பாட்டைப் பற்றி ஒரு பிரிவு உண்டு. ஒதுக்கி வைக்கப்பட்டவர்களைக் கவனிக்கப் பேரவை ஆட்களை நியமிக்கும், அவர்கள்தான் உணவு கொண்டுபோக வேண்டும். வேறு யாராவது இரக்கப்பட்டோ ஆர்வக்கோளாறிலோ எடுத்துக்கொண்டு போனால், அவரும் ஒரு மாதம் அங்கேயே இருந்துவிட்டுத்தான் ஊர் திரும்பலாம்.